அடித்து எழுதிய எண்கள்: ஒரு த்ரீ நாட் த்ரீயின் மதிப்பு குறித்து

என் அக்கா மகன் ஒருவன் டெக்சாஸில் இருக்கிறான். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிக் குடும்பம். அப்பா ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு போட்ட காசில் படித்து, கணினி வேலைக்குப் போய், அங்கேயே வீடும் வாங்கிவிட்டவன். போன பொங்கல் முடிந்த வாரம் அவனிடமிருந்து பதினான்கு புகைப்படங்கள் வந்தன. ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, பிரேதப் பரிசோதனைக்குப் படம் பிடிப்பதுபோல அங்கம் அங்கமாக எடுத்திருந்தான். "மாமா, இது நம்ம இஷாப்பூர்ல செஞ்சது, 1942. ஆனா பாதிச் சாமான் மாத்துனதுன்னு வித்தவரே சொல்லிட்டாரு. அதனாலதான் வெல கம்மி. குடுத்த காசு பெறுமா? பழைய சமாச்சாரமெல்லாம் எழுதறீங்களே, பாத்துச் சொல்லுங்க."

நான் எழுதுவது நிலப் பட்டாக்கள், ஜமீன் கணக்குகள் பற்றி. துப்பாக்கியைத் தொட்டது கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த இரண்டு வருடங்கள்தான். அதுவும் டி.பி. துப்பாக்கி. டிரில் பர்ப்பஸ். குழலில் ஓட்டை போட்டு, சுடும் ஊசியை வெட்டி, கட்டையில் வெள்ளைப் பட்டை அடித்துப் பையன்கள் கையில் கொடுத்திருப்பார்கள். சுடாத துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு சுடுகிறவன் மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டோம். அந்தக் கனம் மட்டும் இன்னும் தோளில் இருக்கிறது.

ஆனாலும் படங்களைப் பார்க்கப் பார்க்க விடமுடியவில்லை. பிட்டக் கட்டை வந்து சேரும் இரும்பில் ஒரு கிரீடம், அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள். ஜார்ஜ், அரசன், சக்கரவர்த்தி என்று லத்தீனில் பொருள். இங்கிலாந்தில் செய்ததில் வெறும் ஜி.ஆர். என்றுதான் இருக்கும், சக்கரவர்த்தி என்பது இந்தியாவுக்கு மட்டும் போட்ட கூடுதல் எழுத்து. அடுத்த படத்தில் குழல். அதில் கிரீடம் இல்லை. அசோகர் தூணின் சிங்கம், பக்கத்தில் 1952. இன்னொரு படத்தில் போல்ட்டின் கைப்பிடி. அதில் ஓர் எண் குறுக்குக்கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறோர் எண் குத்தப்பட்டிருந்தது. முன்கட்டையின் மரம் வேறு நிறம். அதன் குறுக்கே ஒரு திருகாணி.

சக்கரவர்த்தியின் உடம்பில் குடியரசின் குழல். இதற்கு விலை கேட்கிறான் பையன்.

படங்களைத் தாளில் எடுத்துக்கொண்டு நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் முழு உத்தியோகமும். இப்போது மகனின் லேத் பட்டறையில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எடுத்ததும் அவர் கேட்டது: "ஏனுங் தம்பி, நீங்க பழைய லாரி வாங்கியிருக்கீங்களா?"

வாங்கியதில்லை. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு வாங்குகிறவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. கம்பெனியிலிருந்து சேஸ் மட்டும் வெற்று எலும்புக்கூடாக வரும். பாடி கட்டுவது நாமக்கல்லில். பத்து வருடத்தில் எஞ்சின் இறங்கும், ஆக்சில் மாறும், பாடியைக் கழற்றிப் புதிதாகக் கட்டுவார்கள். ஆர்.சி. புக்கில் அது அதே லாரிதான். சேஸ் நம்பர் மாறாதவரை அதற்கு அதே பெயர், அதே கடன், அதே வழக்கு. பழைய வண்டி வாங்க வருகிறவன் முதலில் குனிந்து சேஸ் நம்பரைத்தான் தடவிப் பார்ப்பான். விபத்தில் நொறுங்கிய வண்டியின் எண்ணை வேறு சேஸில் அடித்து விற்கிற திருட்டும் தொழிலில் உண்டு. எழுத்தின் உயரம், இடைவெளி, ராவின தடம் ஆகியவற்றில் அது பிடிபடும்.

"இங்க நாங்க பாடிங்கறது லாரியில மாத்துற சாமானத்த. துப்பாக்கியில பாடிதானுங்க மாறாதது" என்றார் பெரியவர். போல்ட் ஓடுகிற அந்த இரும்புக் கூட்டைத்தான் பட்டாளத்தில் பாடி என்கிறார்கள். குழல், கட்டை, மூக்கு மூடி, குறி பார்க்கும் தகடு, மேகசின் எல்லாம் வந்து போகும். பாடியின் எண்தான் துப்பாக்கியின் எண். பிறகு அந்தக் கோடு போட்ட எண்ணின்மேல் விரலை வைத்தார். "இது திருட்டில்லீங்க. திருடறவன் ராவி அழிச்சுட்டுப் புது நம்பர் அடிப்பான். பட்டாளத்துல அழிக்க மாட்டோம். பழச கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல புதுச குத்துவோம். பத்திரத்துல அடிச்சுத் திருத்தினா ஓரத்துல கையெழுத்துப் போடறமல்ல, அதாட்டம்."

தெரிதாவின் 'அடித்தலுக்கு உட்பட்ட எழுத்து' பற்றி நம் இதழ்களில் எத்தனையோ பக்கங்கள் செலவழித்திருக்கிறோம். அடிக்கப்பட்ட சொல்லும் வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்பதுதானே விஷயம். ஒரு லேத் பட்டறையில் அரை நிமிடத்தில் அது விளங்கியது.

மேலைநாடுகளில் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களின் சந்தையில் ஒரே ஒரு கட்டளைதான்: எண்கள் பொருந்த வேண்டும். பாடி, போல்ட், குழல், மூக்கு மூடி, முன்கட்டை எல்லாம் ஆலையை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்த அதே எண்ணோடு இருந்தால் விலை ஏறும். மாற்றுப் பாகம் ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். பின்னாளில் போட்ட கட்டை, பின்னாளில் போட்ட குழல் எல்லாம் குறை. ஆலையில் முழுமையாகப் பழுது பார்த்ததற்கு அடையாளமான எஃப்.டி.ஆர். முத்திரையைச் சிலர் மதிக்கிறார்கள், பலர் முகம் சுளிக்கிறார்கள். அதாவது போருக்குப் போகாத, போனாலும் எதுவும் ஆகாத துப்பாக்கிக்குத்தான் உச்ச விலை. சரித்திரப் பொருளின் சந்தை, சரித்திரம் நடக்காத பொருளைத் தேடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றைப் போட்டாலும் அது அதே பொருளாக இயங்கவேண்டும் என்ற எண்ணம் தொழிலுலகில் பிறந்ததே துப்பாக்கியில்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளர், ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும் விசைப் பூட்டுகளைச் செய்தார். அங்கே தூதராக இருந்த ஜெஃபர்சன் 1785-இல் கலைந்து கிடந்த பாகங்களைக் கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டிப் பார்த்து வியந்து, அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க அரசு ஆயுதசாலைகள் பல பத்தாண்டுகள் முயன்று அதைச் சாத்தியமாக்கின. 1850-களில் பிரிட்டன் அந்த எந்திரங்களை விலைக்கு வாங்கி என்ஃபீல்டில் நிறுவியது. தையல் எந்திரம், சைக்கிள், கார், நாமக்கல் லாரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. மாற்றிப் போடுவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட பொருளிடம் போய், நீ ஏன் மாறினாய் என்று கேட்கிறார் சேகரிப்பவர்.

அப்படியானால் எண் எதற்கு? இதையும் பெரியவரிடம்தான் கேட்டேன். லீ என்ஃபீல்டில் போல்ட் மட்டும் கைக்கு வந்தபடி மாற்றக் கூடாதாம். ஒவ்வொரு பாடிக்கும் போல்ட்டைப் பொருத்தி, அதன் பூட்டுமுனைகள் இரண்டும் ஒன்றுபோலப் படிகிறதா என்று பார்க்கவேண்டும். தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி கேஜுக்குள் இருக்கவேண்டும். இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு பிளந்து காற்று முகத்தில் அடிக்கும். "நம்பர் அடிக்கறது பழசு புதுசுக்காக இல்லீங்க. இந்த போல்ட்ட இந்த பாடிக்குப் பாத்தாச்சு, மாத்திப் போட்றாதேன்னு அடுத்த ஆர்மரருக்குச் சொல்றது." ஆக, அந்த எண் பிறப்புச் சான்றிதழ் அல்ல. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்கு எழுதிய குறிப்பு. சந்தை அதைத் தூக்கிக் குலப்பெருமையாக ஆக்கிவிட்டது.

வால்டர் பெஞ்சமின் தம் 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மூலப்பொருளின் நம்பகம் பற்றிப் பேசும்போது, அது பிறந்த கணத்தை மட்டும் சொல்லவில்லை. அது கடந்து வந்த காலத்தின் சாட்சியத்தையும் சேர்த்தே சொல்கிறார். ஒளிவட்டம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட நாம் இதை அதிகம் கவனிக்கவில்லை. எங்கள் அப்பாரு ஓட்டிய கலப்பை வீட்டில் இருந்தது. கொழுவை எத்தனையோ தடவை ஆசாரி மாற்றியிருக்கிறார், மேழி முறிந்து வேறு மரம் போட்டது எனக்கே தெரியும். அதை யாரும் அப்பாரு கலப்பை இல்லை என்று சொன்னதில்லை. உழுததனால் தேய்ந்தது, தேய்ந்ததனால் மாற்றியது. மாற்றியதே உழுததற்குச் சாட்சி.

அந்தக் கண்ணோடு படங்களைத் திரும்பப் பார்த்தேன்.

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது இஷாப்பூர். 1787-இல் கம்பெனியார் அங்கே வெடிமருந்து ஆலை தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது துப்பாக்கி ஆலையானது. 1942 என்றால் பர்மா விழுந்த வருடம், வெள்ளையனே வெளியேறு வருடம். அந்த வருடத்துத் துப்பாக்கி எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கும் என்பதற்கு இரண்டு பதில்களுக்கும் இடமுண்டு. பத்து வருடம் கழித்து அதே ஆலையில் குழல் மாற்றியிருக்கிறார்கள். ராணுவக் குழல் தேய்வது கார்டைட் வெப்பத்தாலும், அந்தக் காலத்துத் தோட்டாவின் உப்பாலும்தான். வெந்நீர் ஊற்றி, புல்-த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுக்காவிட்டால் ஒரு மழைக்காலத்தில் உட்புறம் அரித்துவிடும். முன்கட்டையின் குறுக்கே போகும் திருகாணி இஷாப்பூருக்கே உரியது. நம் வெயிலிலும் ஈரத்திலும் மரம் பிளக்காமல் இருக்கப் போட்டது. அங்குள்ள விற்பனைக் குறிப்புகளில் அதற்கு 'இஷாப்பூர் திருகு' என்றே பெயர். அது விலையைக் குறைக்கும் அடையாளம். நம் தட்பவெப்பமே ஒரு குறையாகப் பதிவாகிறது.

'பழைய சரக்கு' என்பது இந்தியாவில் தற்செயலான நிலைமை அல்ல. 1857-க்குப் பிறகு சுதேசிச் சிப்பாயின் கையில் வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதம் இருக்கவேண்டும் என்பது கொள்கையாகவே இருந்தது. அவனுக்கு மார்ட்டினி வந்தபோது இவனுக்கு ஸ்னைடர். அவனுக்கு லீ மெட்ஃபோர்ட் வந்தபோது இவனுக்கு மார்ட்டினி. போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் இன்னும் ஒருபடி கீழே: லீ என்ஃபீல்டின் குழலை மழித்து வழுவழுப்பாக்கி, மேகசினை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி .410 மஸ்கட் என்று இஷாப்பூரில் செய்து கொடுத்தார்கள். அந்தத் தோட்டாவையும் வெளியில் கிடைக்காத அளவில் வைத்தார்கள். காவலனிடமிருந்து பிடுங்கினாலும் பிடுங்கியவனுக்குப் பயன்படக் கூடாது. மாற்றுப் பாகம் என்பது இங்கே ஒரு ஆட்சிமுறை. பாகத்தை மாற்றி, துப்பாக்கியையும் அதை ஏந்துகிறவனையும் அளந்து வைத்தார்கள்.

ஏந்தாதவர்களின் கதை வேறு. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பர் அறிக்கை தென்பகுதியில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்ஸ் முறையை நாடு முழுவதற்கும் ஆக்கியது; வெள்ளையருக்கு விலக்கு. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இருந்தது. இன்று அதைப் படிக்கிறவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். அரசியல் சட்டத்தில் அது வரவில்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குள் அதன் பாகங்களும் அடக்கம். என் அக்கா மகன் டெக்சாஸில் ஒரு குழலைத் தபாலில் வரவழைக்கலாம். அங்கே சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது பாடி மட்டும்தான். இங்கே அந்தக் குழல் மட்டும் என் வீட்டுப் பரணில் இருந்தாலே குற்றம். .303 ராணுவ அளவு என்பதால் சாதாரண லைசென்சிலும் கிடைக்காது. அதனால்தான் அதே லீ என்ஃபீல்ட் அமைப்பில் .315 என்று வேறொரு அளவைச் செய்து பொதுமக்களுக்கு விற்கிறார்கள்.

விலக்கும் ஒன்று உண்டு. 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையோ, தொன்மை மதிப்பு உள்ளதோ, பழுதடைந்ததோ ஆன ஆயுதத்தைச் சட்டத்திலிருந்து விடுவிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்கவேண்டும். இந்த ஒரு வரியைப் பல தடவை படித்தேன். சேகரிப்பவருக்கு மாற்றுப் பாகம் மதிப்பைக் குறைப்பது. இந்தியச் சட்டத்துக்கு மாற்றுப் பாகம் போட முடியும் என்பதே ஆபத்து. பழுது பார்க்கவே முடியாத நிலைக்குப் போனபிறகுதான் ஒரு துப்பாக்கி இங்கே வரலாறாக அனுமதிக்கப்படுகிறது. கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அவ்வப்போது தண்டோரா போடுகிறபோது, தாத்தா காலத்துக் குழல், அப்பா காலத்துக் கட்டை, நேற்று கொல்லர் அடித்துக் கொடுத்த விசை என்று அந்த மலைவாசி சொல்லும் வம்சாவளியை யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

இதுவரை நான் சொன்னதெல்லாம் இரும்பில் குத்தப்பட்டவை. ஆலை, ஆண்டு, கிரீடம், சிங்கம், பழுது பார்த்த நாள், சோதித்த முத்திரை. ஒரு துப்பாக்கி அதன்மேல் எழுதிக்கொள்ளாதது ஒன்றே ஒன்றுதான்: அது யாரைச் சுட்டது.

1950 பிப்ரவரி 11. குடியரசு பிறந்து பதினாறு நாள். சேலம் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள், இந்தச் சமவெளியை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருக்கக்கூடியவர்கள். கட்சி சென்னை மாகாணத்தில் தடைசெய்யப்பட்டிருந்த காலம். குமாரசாமி ராஜா முதலமைச்சர். ஆயுதசாலைகளில் கிரீட அச்சை எடுத்துவிட்டுச் சிங்க அச்சைக் கொண்டுவர வேண்டிய நேரம் அது. சிறைச் சுவருக்கு உள்ளே அந்த மாற்றத்தின் அர்த்தத்தை 22 உடல்கள் சோதித்துப் பார்த்தன. ஆண்டுதோறும் அந்த நாளில் இடதுசாரிக் கட்சிகள் அஞ்சலி செலுத்துகின்றன. மற்றபடி சேலம்காரர்களிடம் கேட்டால், ஜெயிலா, அங்கே என்ன என்பார்கள்.

பிறகும் வந்தது. 1965 பிப்ரவரியில், அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த குமாரபாளையத்தில் இந்தி எதிர்ப்பாளர்கள் மீது. (1997-இல் நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது அந்த ஊரும் அந்தச் சாவுகளும் இந்தப் பக்கம் வந்தன.) 1970 ஜூன் 19-இல், சற்று மேற்கே பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது, மூன்று பேர். போலீஸ் ஆயுத அறையில், அவர்கள் மொழியில் 'கோத்'தில், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கட்டையில் ஓர் எண் உண்டு. வெளியே போவதும் வருவதும் பதிவேட்டில் ஏறும். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைக்கூடத் திரும்பக் கணக்குக் காட்டவேண்டும். எந்தத் துப்பாக்கிச் சூட்டு அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், எத்தனை ரவுண்டு என்பது பிசகாமல் இருக்கும். பித்தளையின் கணக்கு எப்போதும் பொருந்துகிறது.

1962-இல் சீனப் போரில் நம் காலாட்படை பெரும்பாலும் இந்தத் த்ரீ நாட் த்ரீயோடுதான் மலையேறியது. அதன்பிறகு ராணுவம் 7.62-க்கு மாறியது, இஷாப்பூர் அதே பழைய அமைப்பிலேயே 2ஏ என்று ஒரு 7.62 துப்பாக்கியையும் செய்தது. ராணுவம் கழித்தது போலீசுக்கு, போலீஸ் கழித்தது டிரில் பையன்களுக்கு. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு அதிகாரபூர்வமாக விடை கொடுத்தது. வேறொரு பகுதி கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்குப் போனது. அப்படித்தான் ஒன்று என் அக்கா மகனின் மேசைக்கு வந்திருக்கவேண்டும்.

பெரியவர் தம் தீர்ப்பைச் சொன்னார். குழல் நல்ல குழல், அசல் குழலைவிட இது சுடும். மரத்தை மாற்றியது சரியான வேலை. மூக்கு மூடி எங்கிருந்தோ வந்தது, அதனால் பாதகமில்லை. "விக்கிறவனுக்கு இது ஒண்ணும் பெறாதுங்க. சுடறவனுக்கு நல்ல சாமான்." சற்று நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "இந்தக் குத்து எங்க காலத்துக்கு முந்தி. யாரோ நிதானமாப் பண்ணியிருக்கான். பாருங்க, கோடு வளையாம இருக்குது" என்றார். அந்த ஆளுக்கு மட்டும் அவர் விலை சொல்லவில்லை.

இதையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். சேலம் சிறையையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, நான் வேற ஒண்ணு நெனச்சிருந்தேன். இங்கிலாந்துல பழைய வால்நட் கட்டை கெடைக்குது. 1942-க்கு முந்தின குழலும் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். போட்டுட்டா எல்லாம் ஒரே காலத்துதா ஆயிரும். அந்தச் சிங்கம் கிங்கமெல்லாம் போயிரும். வெலயும் வரும்" என்றான். அதற்கு அங்கே 'பழைய நிலைக்குக் கொண்டுவருதல்' என்று பெயராம். அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவன் காசு, அவன் சாமான். சாம்ராஜ்யத்தின் துப்பாக்கியாக அதைத் திரும்பச் செய்ய அவனுக்கு அங்கே எந்தச் சட்டத் தடையும் இல்லை. கழற்றிய குழலை என்னடா செய்வாய் என்று கேட்டேன். "அதயும் விக்கலாம் மாமா. பார்ட்சுக்குத் தனி வெல."

அந்தத் திருகாணியை மட்டுமாவது விடச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றான்.

அடுத்த வாரம் பட்டறைப் பக்கம் போனபோது பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சிங்கம் போவதில் வருத்தமொன்றும் தெரியவில்லை. லேத்தில் ஓடிக்கொண்டிருந்த ரிக் வண்டிச் சாமானைக் காட்டி மகனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். "எந்தக் கொழல வேணும்னாலும் போட்டுக்கட்டும். போட்டதுக்கப்புறம் போல்ட் எடைவெளிய கேஜ் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. பாக்காமச் சுட்டுட்டான்னா மூஞ்சி போயிரும்."

அன்றிரவே அவனுக்கு அதை எழுதினேன்.